பேரிங்குக்குள்ளேயே பிறக்கும் சூடு

100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட்டில் (சுழலும் தண்டில்) ஏற்றவேண்டிய பேரிங்கின் (உள்வளையம், வெளிவளையம் இரண்டுக்கும் நடுவே உருளைகள் ஓடும் பாகத்தின்) துளை, இறுக்கமாக உட்காரவேண்டும் என்பதற்காகவே, ஷாஃப்ட்டைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சிறியதாக இருக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றினால், அந்த அடி உருளைகளின் வழியே இறங்கி, அவை ஓடும் பாதையில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத தழும்புகளை விட்டுவிடும். பின்னாளில் பேரிங் இரைவதற்கு அவை போதும். எஃகோ ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரிவடைகிறது. 30 டிகிரியில் இருக்கும் பேரிங்கை 110 டிகிரிக்குக் கொண்டுபோனால் 100 மி.மீ. துளை ஏறத்தாழ 0.1 மி.மீ. அகலும். பிறகு கையால் தள்ளினாலே ஏறிவிடும்.

முன்பு பேரிங்கை எண்ணெயில் போட்டுக் காய்ச்சினார்கள். புகையும் தீப்பிடிக்கும் அச்சமும் கூடவே இருந்தன. இண்டக்‌ஷன் ஹீட்டர் என்ற, காந்தப்புலத்தால் சூடேற்றும் மின்கருவியில் சூடான பாகம் என்று தனியாக எதுவும் இல்லை. 1831இல் மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிக் கண்ட விளைவே, அதாவது ஒன்றில் மின்னோட்டம் மாறும்போது மற்றதில் மின்னோட்டம் தூண்டப்படுவதே, இங்கும் வேலை செய்கிறது. இரண்டாவது சுருளின் இடத்தில், ஒரே ஒரு சுற்றாக, பேரிங் நிற்கிறது. அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் மிகச் சிறியது என்றாலும் ஓடும் மின்னோட்டம் மிகப் பெரியது என்பதால், உலோகம் தனக்குள்ளேயே சூடாகிறது.

பேரிங்கின் துளைவழியே ஹீட்டரின் இரும்புக் குறுக்குச் சட்டத்தைச் செருகி, அது ஹீட்டரின் இரு தூண்களின்மேல் இடைவெளியின்றிப் படிந்திருப்பதை உறுதிசெய்த பிறகே சுவிட்சைப் போடவேண்டும். தொடும் முகங்களில் தூசி இருந்தால் ஹீட்டர் உரக்க உறுமும். சட்டமே இல்லாமல் இயக்கினால் காந்தப்புலம் இரும்பின் வழியே சுற்றிவரும் காந்தப்பாதை அறுந்து, சுருள் அளவுமீறி மின்னோட்டம் இழுத்துக் கருகக்கூடும். வெப்ப உணரியை உள்வளையத்தின் பக்கவாட்டில்தான் ஒட்டவேண்டும், ஏனெனில் அதுவே முதலில் சூடாகும்; வெளிவளையம் பின்தங்கியிருக்க அவசரமாகச் சூடேற்றினால், உள்வளையம் விரிந்து இடையிலுள்ள உருளைகளை நசுக்கிவிடும். சாதாரண பேரிங்குக்கு 120 டிகிரியே எல்லை: அதைத் தாண்டினால் எஃகின் உள்ளமைப்பு மாறி, ஆறிய பின்னும் அளவு பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். கிரீஸ் அடைத்து மூடிய பேரிங்குக்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

சுடரும் சிவப்பும் இல்லாததால் கை தானாகப் பயப்படுவதில்லை என்பதே இந்தக் கருவியின் உண்மையான ஆபத்து என்று கருதுகிறேன். வெப்பம் தாங்கும் கையுறை கட்டாயம். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். காந்தப்பாதையைச் சுற்றி அகப்படும் எந்த உலோக வளையமும் ஹீட்டருக்கு இன்னொரு பேரிங்தான். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் வரவே கூடாது.

சூடேறியதும், பேரிங்கில் ஏறிய காந்தத்தை ஹீட்டர் நீக்கும் கட்டம் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். காந்தம் மிஞ்சிய பேரிங், இரும்புத்தூளை இழுத்து உருளைகளுக்கு நடுவே சேர்த்துக்கொள்ளும். பிறகு தயங்காமல் ஒரே மூச்சில் ஷாஃப்ட்டில் ஏற்றி, ஷோல்டரில் (ஷாஃப்ட் தடித்துப் படிபோல் நிற்கும் இடத்தில்) முட்டவைத்து, பிடி இறுகும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஆறும்போது வளையம் அகலத்திலும் சுருங்குவதால், முன்னதாகக் கையை எடுத்தால் ஷோல்டருக்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுந்துவிடும்.