அலை மின்சாரத்தில் பணம் போடும் முன் கேட்க வேண்டியது

கடலில் அமைக்கும் மின் திட்டங்களின் செலவுக் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. அலையிலிருந்து மின்சாரம் என்று யார் வந்தாலும், கரையோரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் இத்தனை கிலோவாட் சும்மா வந்து மோதிப் போகிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிச் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

அலையின் திறன் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 2 மீட்டர் உயரமும் 8 விநாடி இடைவெளியும் உள்ள அலையில் மீட்டருக்குச் சுமார் 16 கிலோவாட் இருக்கும், அதே இடத்தில் புயலடித்து 10 மீட்டர், 14 விநாடி என்று அலை எழுந்தால் அது 700ஐ நெருங்கிவிடும். ஆண்டு முழுக்க வருமானம் தருவது முதல் வகை அலை, ஆனால் எஃகும் நங்கூரச் சங்கிலியும் இரண்டாவது வகைக்குத் தாங்குகிற மாதிரி வாங்கியாக வேண்டும். காசு போவது இங்கேதான்.

அப்புறம் பராமரிப்பு. நான் கணக்குப் பார்த்த ஒரு திட்டத்தில் கெட்டுப்போனது தண்ணீர் உள்ளே புகாமல் அடைக்கும் கையடக்கமான ஒரு சீல், அதை மாற்றப் படகு போக முடியாமல் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். நல்ல அலை வரும் இடத்தில்தான் கடல் அமைதியாக இருக்கும் நாட்கள் குறைவு என்பதால், அதிக வருமானம் வரவேண்டிய மாதங்களிலேயே இயந்திரம் நின்றுகிடக்கும்.

2008இல் போர்ச்சுகலின் அகுசாதோரா கடலில் பெலாமிஸ் என்ற அலை மின் இயந்திரங்கள் மூன்றை நிறுவினார்கள், ஒவ்வொன்றும் 750 கிலோவாட். பேரிங் கோளாறு வந்தது, கூடவே முதலீட்டாளரின் பணச் சிக்கலும் சேர்ந்துகொள்ள, இரண்டே மாதத்தில் அவை துறைமுகத்துக்குத் திரும்பின. 2014இல் பெலாமிஸ் நிறுவனமும் திவாலானது. அந்தப் பொறியாளர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வட்டியைப் பலர் கவனிப்பதில்லை. எரிபொருள் செலவு இல்லாததால் மொத்தச் செலவில் பெரும்பகுதி முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. முதலீடு 100 என்றால், 8 சதவீத வட்டியில் 20 ஆண்டில் அடைக்க ஆண்டுக்குச் சுமார் 10.2 வேண்டும். நிரூபிக்கப்படாத தொழில்நுட்பம் என்று கடன் கொடுப்பவர் 12 சதவீதம் கேட்டால் அதுவே 13.4. இயந்திரத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை, ஆண்டுச் சுமை மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது!

சரி, எங்கேயும் கட்டுப்படியாகாதா? ஸ்பெயினின் முத்ரிக்கு துறைமுகத்தில் 2011இல் தொடங்கிய நிலையத்தைப் பாருங்கள். எப்படியும் கட்டவேண்டியிருந்த அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே காற்றறைகள் வைத்து, உள்ளே அலை ஏறி இறங்கித் தள்ளும் காற்றில் சுழலும் 16 டர்பைன்கள் பொருத்தி, மொத்தம் 296 கிலோவாட். அளவு சின்னதுதான். ஆனால் சுவரின் செலவில் பெரும்பங்கு துறைமுகத்தின் கணக்கு, பழுதுபார்க்கப் படகும் தேவையில்லை, நடந்தே போகலாம். டீசலைக் கப்பலில் கொண்டுவந்து எரிக்கும் தீவுகளிலும் கணக்கு மாறும், அங்கே போட்டி விலையே அதிகம். வெயிலும் காற்றும் ஓய்ந்த இரவில்கூடத் தொலைதூரப் புயல் கிளப்பிய அலை வந்துகொண்டிருக்கும், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

எனக்கு இந்தத் துறையில் நம்பிக்கை போகவில்லை. அதே அகுசாதோராவில் 2023இல் கார்பவர் நிறுவனத்தின் மிதவை 18.5 மீட்டர் அலையையும் தாங்கி நின்றது. அது பெரிய விஷயம். ஆனாலும் உங்களிடம் யாராவது முதலீடு கேட்டு வந்தால், இயந்திரம் தொடர்ந்து 12 மாதம் கடலில் இருந்ததா, அந்த 12 மாதத்தில் மீட்டரில் ஏறிய யூனிட் எத்தனை, எத்தனை நாள் நின்றுகிடந்தது என்று கேளுங்கள். தொட்டியில் சோதித்த மாதிரியின் எண்ணைக் காட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். கடலில் எடுத்த பதிவு வரும்வரை நான் கணக்கையே தொடங்குவதில்லை.