செழித்த புல்வெளியில் மலட்டு ஆடுகள்

1940-களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மறிப் பண்ணைகளில் விசித்திரமான ஒரு சிக்கல். மேய்ச்சல் அமோகம், ஆடுகளும் கொழுகொழுவென்று இருந்தன. ஆனால் பெட்டைகள் சினை பிடிக்கவில்லை. பிடித்தவற்றில் பல ஈன முடியாமல் திணறின. சிலவற்றுக்குக் கருப்பையே வெளியே தள்ளியது. அதைவிட வேடிக்கை, காயடித்த கிடாய்களுக்குக்கூட காம்பு பெருத்துப் பால் கசிந்தது.

பென்னெட்ஸ், அண்டர்வுட், ஷியர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1946-ல் இதைப் பதிவு செய்தார்கள். காரணம், சத்தில்லாத மண்ணைத் தேற்றுவதற்காக விதைத்த குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி.

கருப்பைச் செல்களுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கென்றே ஏற்பிப் புரதங்கள் உண்டு. ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பி டி.என்.ஏ.வில் அமர்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடும். செல்கள் பெருகும், உட்சுவர் தடிக்கும். ஆட்டுக்கு 17 நாள் சுழற்சி. அதற்குள் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிவிடும். குளோவரில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற வேதிப்பொருள்களின் வடிவமோ ஈஸ்ட்ரோஜனை ஒத்தது. தினமும் மேய்ந்தால் இறக்கமே கிடையாது. உட்சுவர் தடித்துக்கொண்டே போய் நீர்க்கட்டிகள் நிறைந்துவிடும்.

அவற்றில் முதலில் சந்தேகம் விழுந்தது ஜெனிஸ்டீன் மீது. சோதனையில் அது ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொண்டது, சரி. ஆனால் ஆடு அசைபோடும் பிராணி ஆயிற்றே! அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஜெனிஸ்டீனைச் சிதைத்துச் செயலிழக்க வைத்துவிடுகின்றன. அதே செடியில் இருக்கும் ஃபார்மோனோனெட்டின் என்ற இன்னொரு ஐசோஃபிளேவோனோ, ஏற்பியில் சரியாக ஒட்டாத சாது. அதன் ஒரு முனையை மெத்தில் என்ற சிறு அணுத்தொகுதி மூடியிருக்கிறது. நுண்ணுயிர்கள் அந்த மூடியைக் கழற்றி டெய்ட்சீனாக்கி, அப்புறம் ஈக்குவாலாக மாற்றுகின்றன. கருப்பையை ஏமாற்றியது அந்த ஈக்குவால்தான். செடியை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

மேய்ச்சலை மாற்றினால் பல ஆடுகள் தேறின. வருடக்கணக்கில் மேய்ந்தவை தேறவில்லை. அவற்றின் கருப்பை வாயின் திசுவே உருமாறி, கருப்பையின் உட்சுவர் போல ஆகிவிடுகிறது. அங்கே சுரக்கும் சளி நீர்த்துப்போவதால், விந்தணுக்கள் தங்கிக் கடந்து செல்ல வழியில்லை.

பிற்பாடு ஃபார்மோனோனெட்டின் குறைந்த ரகங்களை உருவாக்கினார்கள். ஆனாலும் இந்தக் குளோவருக்குத் தன் விதையைத் தானே மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. புது ரகம் விதைத்த நிலத்திலும் பழசு மறுபடி தலைகாட்டும்.