வைட்டமின் ஏ திரவம்: ஒன்பது தவணையில் உங்கள் பிள்ளைக்கு எத்தனை ஆச்சு?

வீட்டில் 5 வயதுக்குள் பிள்ளை இருந்தால், தாய் சேய் நல அட்டையை எடுத்துத் தடுப்பூசிப் பக்கத்தைப் பாருங்கள். ஊசிகளோடு வைட்டமின் ஏ தவணைகளையும் அதில்தான் குறிப்பார்கள். என் தங்கை மகனுக்கு மூன்றரை வயதானபோது நான் பார்த்தேன். இரண்டு தவணைக்குத்தான் தேதி எழுதியிருந்தது. கேட்டதற்கு, "ஊசி எல்லாம் போட்டு முடிச்சாச்சே அண்ணே" என்றாள்.

அவள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் தவணை 9 மாதத்தில், தட்டம்மை ரூபெல்லா ஊசி போடும் அன்றே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது ஒன்றரை வயதில், அதுவும் ஊசியோடுதான். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 5 வயது முடியும்வரை ஏழு தவணை பாக்கி இருக்கிறது. ஆனால் அடுத்த ஊசி 5 வயதை ஒட்டித்தான் வருகிறது. ஊசி இல்லாததால் நினைவூட்ட ஆள் இல்லை. நாமாகப் போய்க் கேட்டால் உண்டு, இல்லையென்றால் விட்டுப்போகிறது.

இந்தத் திட்டம் இன்று நேற்று வந்ததல்ல. சத்துக்குறைவால் பிள்ளைகளுக்குக் கண் போவதைத் தடுக்க மத்திய அரசு 1970-இல் தொடங்கியது. அளவு இதுதான்: முதல் தவணை 1 மில்லி, அதில் 1 லட்சம் யூனிட் இருக்கும். அடுத்த எட்டும் தலா 2 மில்லி, அதாவது 2 லட்சம் யூனிட். மொத்தம் 17 லட்சம் யூனிட். பாட்டிலோடு வரும் அளவுக் கரண்டியில் ஊற்றி வாயில் கொடுப்பார்கள், ஊசி கிடையாது.

இவ்வளவு பெரிய அளவை ஒரே வாயாகக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் சும்மா இருக்கலாமா என்று கேட்பீர்கள். இருக்கலாம். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது, உடம்பு அதை ஈரலில் சேர்த்துவைத்துக்கொண்டு தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும். வைட்டமின் சி மாதிரி அன்றன்றைக்கு வெளியே போய்விடாது. அதே காரணத்தால்தான் அளவுக்கு மீறிக் கொடுக்கவும் கூடாது. நாலு தவணை விட்டுப்போயிருந்தால் நாலையும் சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு ஒன்று, அப்புறம் ஆறு மாதம் கழித்து அடுத்தது. தனியார் மருத்துவமனையில் ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதைச் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் இந்தத் திரவத்தைத் தொடவே கூடாது. இந்த அளவு வயிற்றில் உள்ள கருவைப் பாதிக்கும்.

கொடுத்த அன்று சில பிள்ளைகள் வாந்தி எடுக்கலாம், தலைவலி என்று சிணுங்கலாம். ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

இந்தச் சத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் கண்ணின் விழித்திரையில் ஒரு நிறமி இருக்கிறது. அதை உண்டாக்க வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண். பகலெல்லாம் ஓடியாடிய பிள்ளை, விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டைத் தேடும், வாசற்படியில் இடறும், ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். 'இருட்டைக் கண்டு பயப்படுகிறான்' என்று விட்டுவிடாதீர்கள். அடுத்து, கண்ணின் வெள்ளைப் பகுதி பளபளப்பு இழந்து வறண்டுபோகும். கருவிழிக்குப் பக்கத்தில், காதுப் பக்க ஓரமாக, சோப்பு நுரை ஒட்டினது போலச் சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டு வரும். இதுவரைக்கும் மீட்டுவிடலாம். கருவிழியே இளகிப் புண்ணாகிவிட்டால் போன பார்வை திரும்பாது. தட்டம்மையோ நாள்பட்ட வயிற்றுப்போக்கோ வந்த பிள்ளைக்கு, சேர்த்துவைத்த சத்து வேகமாகக் கரைந்துவிடும்; அந்தப் பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள். இந்த அறிகுறிகளில் ஏதாவது தெரிந்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இதற்கான சிகிச்சை முறை வேறு, அதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

சரி, எங்கே போவது? தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். கடலூர் நகரமோ குறிஞ்சிப்பாடியோ காட்டுமன்னார்கோயிலோ, உங்கள் பகுதித் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். இடம் தெரியவில்லையென்றால் அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்டால் சொல்வார், அல்லது 104-க்கு போன் செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளிலேயே முகாம் வைத்தும் கொடுக்கிறார்கள். காசு கிடையாது. வருமான வரம்பு கிடையாது, ரேஷன் அட்டையும் வேண்டாம். பிள்ளை தனியார் மருத்துவமனையில் பிறந்திருந்தாலும் உண்டு, வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் பிள்ளைக்கும் உண்டு. 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் அட்டை போயிருந்தாலும் தயங்காதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு இருக்கும்.

'தேவனாம்பட்டினத்தில் இருக்கிறோம், தினம் மீன்தான், எங்கள் பிள்ளைக்கு எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். மீன் நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால் இந்த வைட்டமின் மீனின் சதையில் கொஞ்சம்தான், ஈரலில்தான் அதிகம். முட்டை மஞ்சள் கருவிலும் பாலிலும் உண்டு. முருங்கைக்கீரை, பரங்கிக்காய், பப்பாளி, கேரட், மாம்பழம் இவற்றில் இருப்பது அதன் மூலப்பொருள். உடம்பு அதை வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. அதற்குக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். அதனால் கீரையை வெறுமனே வேகவைத்துக் கொடுக்காமல் ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொடுங்கள். பண்ருட்டிப் பலாவிலும் இருக்கிறது, ஆனால் கீரைக்கு ஈடாகாது.

உணவாகவும் அரசு கொடுப்பது உண்டு. அங்கன்வாடியில் 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் 3 முட்டை, சிறு பிள்ளைகளுக்குச் சத்துமாவு. ரேஷன் பாமாயில் பாக்கெட்டில் நீல நிறத்தில் 'பிளஸ் எஃப்' முத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்த முத்திரை உள்ள எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் சேர்த்திருக்கிறார்கள். வெயில் பட்டால் அந்தச் சத்து குறையும், திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் போய்விடும். மூடி நிழலில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிட்டப்பார்வைக்கு இந்தத் திரவமோ கேரட்டோ மருந்தல்ல, கண்ணாடிதான் தீர்வு. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு கண்ணையும் பார்க்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசம், வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

தங்கை அடுத்த புதன்கிழமையே பையனைக் கூட்டிப் போனாள். அன்று 2 மில்லி கொடுத்து அட்டையில் தேதி போட்டார்கள். ஆறு மாதம் கழித்து வரும் தேதியை அவள் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.