பெருமூச்சு எந்தப் பக்கம்?

"ஆறுதல் என்ற சொல்லுக்கு இணையான சொற்களையும் எதிரான சொற்களையும் பலகையில் எழுதச் சொன்னேன். இடப்பக்கம் நிம்மதி, இதம், தேறுதல், ஆசுவாசம், இளைப்பாறல் என்று வரிசையாக வந்தன. வலப்பக்கம் வேதனை, தவிப்பு, உளைச்சல், ஏக்கம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, 'பெருமூச்சு எந்தப் பக்கம், ஐயா?' என்று கேட்டாள். நிம்மதிப் பெருமூச்சும் உண்டு, ஏக்கப் பெருமூச்சும் உண்டு. என்னால் எங்கும் எழுத முடியவில்லை. அறிவியலில் இதற்கு விடை இருக்கிறதா?"

ஒரு தமிழாசிரியர் அனுப்பிய கேள்வி இது. அந்த மாணவியை நான் பார்த்ததில்லை. ஆனால் இத்தனை வருடங்களில் எனக்கு வந்த கேள்விகளில் இவ்வளவு அழகான கேள்வி இன்னொன்று இல்லை. காரணம், நரம்பியல் ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பலகையின் இடப்பக்கத்தைப் பார்ப்போம். ஆறுதலுக்கு நாம் வைத்திருக்கும் சொற்களில் மூச்சு எப்படி ஒளிந்திருக்கிறது பாருங்கள். 'இளைப்பு' என்றால் மூச்சு வாங்குதல். ஆஸ்துமாவை இன்றும் கிராமங்களில் இளைப்பு என்றுதான் சொல்கிறார்கள். அந்த இளைப்பு ஆறுவதுதான் இளைப்பாறல். 'ஆசுவாசம்' வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் வயிற்றுக்குள்ளேயே சுவாசம் இருக்கிறது. மறுபக்கம் போனால் "மூச்சுவிட நேரமில்லை", "மூச்சு முட்டுகிறது" என்கிறோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மனத்தில் இருப்பதை உடல் வெளிக்காட்டும் குறிகளைப் பட்டியலிடும்போது 'உயிர்ப்பு' என்பதையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறது. நெடுமூச்சைத்தான் அது சொல்கிறது. உயிர் என்ற சொல்லும் உயிர்த்தல் என்ற சொல்லும் ஒரே வேரில் நிற்கும் மொழி நம்முடையது.

இனி உடலுக்கு வருவோம். பள்ளியில் படித்ததுதான்: உதரவிதானம் கீழிறங்குகிறது, மார்புக்கூடு விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர். ஒரு நாளைக்குச் சுமார் 20,000 மூச்சுகள். காற்று கடைசியாகப் போய்ச் சேரும் இடம் காற்று நுண்ணறைகள். ஒருவருடைய நுரையீரல்களில் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். அனைத்தையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு சிறிய வீட்டின் தரையை நாம் மார்புக்குள் மடித்து வைத்திருக்கிறோம்.

மடித்து வைத்திருப்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. காலியான பால் கவரைக் கழுவிவிட்டுப் பாருங்கள். உள்பக்கம் ஈரமாக இருக்கும். இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலால் பிரிக்க முயன்றால் வழுக்கும். வெட்டிய மூலையில் வாயை வைத்து மெதுவாக ஊதினால் ஒன்றும் நடக்காது. மூச்சைப் பிடித்து ஒரே மூச்சில் ஊதினால் 'பட்'டென்று பிரிந்து உப்பும். பிரிந்த பிறகு மெதுவாக ஊதினாலே போதும், அது விரிந்தே இருக்கும்.

நுண்ணறைகளின் உள்சுவரும் ஈரமானது. ஈரம் இல்லாமல் ஆக்சிஜன் கரைந்து இரத்தத்துக்குப் போக முடியாது. ஆனால் ஈரம் இருந்தால் பரப்பு இழுவிசையும் இருக்கும்; அது ஒவ்வொரு நுண்ணறையையும் உள்நோக்கிச் சுருக்கப் பார்க்கும். சுருங்கச் சுருங்க அதன் பிடி வலுக்கும், ஏனென்றால் குமிழி சிறியதாக ஆக ஆக அதை விரித்து வைக்க அதிக அழுத்தம் தேவை. இதைத் தடுக்க உடல் அங்கே ஒரு மெல்லிய கொழுப்புப் பூச்சைச் சுரந்து வைத்திருக்கிறது. நீரின் இழுவிசையைச் சோப்பு குறைப்பதுபோல இந்தப் பூச்சு நுண்ணறைகளுக்குள் வேலை செய்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது இந்தப் பூச்சு போதாததால்தான் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். அந்த ஒரு கண்டுபிடிப்பு எத்தனை தொட்டில்களைக் காலியாகாமல் காத்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

பூச்சு இருந்தும்கூட, 48 கோடியில் சில எப்போதும் சுருங்கி ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. அரை லிட்டர் சாதாரண மூச்சு அவற்றைத் திறக்காது. மெதுவாக ஊதினால் பால் கவர் திறக்காததுபோலத்தான். அப்போது உடல் என்ன செய்கிறது தெரியுமா? ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நம்மைக் கேட்காமலே, ஒரு மூச்சை உள்ளிழுத்து முடிப்பதற்குள் அதன் தலைமேல் இன்னொரு மூச்சை ஏற்றி இழுக்கிறது. காற்று இரட்டிப்பாக உள்ளே போகிறது. ஒட்டிக் கிடந்தவை பிரிகின்றன. நுண்ணறைச் சுவர் அப்படி நன்றாக விரியும்போது அந்தக் கொழுப்புப் பூச்சும் புதிதாகச் சுரக்கிறது. பிறகு நீளமாக ஒரு வெளிமூச்சு.

அதுதான் பெருமூச்சு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 12. இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து நீங்களே ஒன்றிரண்டு விட்டிருப்பீர்கள். அவற்றில் ஏக்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. வெறும் பராமரிப்பு வேலை.

அந்த வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பது மருத்துவமனைகளில்தான் தெரிந்தது. மயக்க நிலையில் இருக்கும் நோயாளிக்கு இயந்திரம் ஒரே அளவான மூச்சைக் கடிகாரம்போலக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குறை சொல்ல முடியாத மூச்சு. ஆனால் நேரம் போகப் போக இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்தது. 1963இல் பெண்டிக்சன் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் நுரையீரலைச் சில முறை ஆழமாக விரித்துக் காட்டினார்கள். ஆக்சிஜன் மீண்டும் ஏறியது. அதன் பிறகு செயற்கைச் சுவாச இயந்திரங்களுக்கே பெருமூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார்கள்.

சரி, ஐந்து நிமிடம் ஆயிற்று என்று கணக்கு வைப்பது யார்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் சில ஆயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. நம் மூச்சின் தாளத்தைப் போடுவது அதுதான். அதை அடையாளம் கண்ட ஜாக் ஃபெல்ட்மன், ஒரு மாநாட்டு விருந்து மேசையில் இருந்த ஜெர்மன் திராட்சை மதுவின் பெயரை அதன் பக்கத்துப் பகுதிக்குச் சூட்டினார்: 'பாட்சிங்கர்'. அதை ஒட்டி இருக்கும் தாளம் போடும் கூட்டத்துக்குப் பெயர் 'பிரீ-பாட்சிங்கர்'.

இங்கே கதை ஒரு தேரையிடம் போகிறது. இத்தாலியரான விட்டோரியோ எர்ஸ்பாமர் வாழ்நாள் முழுவதும் தவளை, தேரைகளின் தோலில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தவர். ஐரோப்பாவில் வயிறு சிவந்த ஒரு தேரை இனம் உண்டு. அதன் தோலிலிருந்து 1970களின் தொடக்கத்தில் அவர் ஒரு சிறிய புரதத் துணுக்கைப் பிரித்தெடுத்து 'பாம்பெசின்' என்று பெயரிட்டார். எதற்கு உதவும் என்று அப்போது எவராலும் சொல்லியிருக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்து, அதை எலியின் மூளையில், அந்தத் தாளக் கூட்டத்தின்மேல் ஃபெல்ட்மன் குழுவினர் செலுத்திப் பார்த்தார்கள். எலி பெருமூச்சு விட்டது, மீண்டும் விட்டது, விட்டுக்கொண்டே இருந்தது. வழக்கத்தைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு.

தேரைத் தோலில் இருப்பதற்கு உறவான இரண்டு பொருள்கள் பாலூட்டிகளின் மூளையிலும் இருக்கின்றன. 2016இல் ஃபெல்ட்மன் குழுவும் ஸ்டான்ஃபோர்டின் மார்க் கிராஸ்னோ குழுவும் சேர்ந்து அந்தப் பாதையை முழுதாக வரைந்தன. சுண்டெலியின் மூளைத்தண்டில் சுமார் 200 நரம்பணுக்கள் இந்தத் தூதுப் பொருள்களைச் சுரக்கின்றன. தாளக் கூட்டத்தில் இருக்கும் இன்னொரு 200 அணுக்கள் அந்தத் தூதைக் கேட்டுக்கொள்கின்றன. கேட்டதும், போய்க்கொண்டிருக்கும் மூச்சின்மேல் இரண்டாவது மூச்சை ஏற்றிவிடுகின்றன. அந்த இரண்டு தூதுகளையும் தடுத்தால் பெருமூச்சு அறவே நின்றுவிடுகிறது. சாதாரண மூச்சு எந்தத் தடையும் இல்லாமல் தொடர்கிறது. ஒரு முழுச் செயலுக்கு வெறும் நானூறு அணுக்கள்! மூளையில் இவ்வளவு சிறிய, இவ்வளவு தெளிவான கம்பி இணைப்பைக் காண்பது அரிது.

ஒன்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. தேரைத் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு இன்று நம் நாட்டில் ஆய்வு நிதி கிடைக்குமா? "இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?" என்ற கட்டத்தை அவர் எப்படி நிரப்பியிருப்பார்? இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தைத்தான் ஆய்வுக்குச் செலவிடுகிறது. அந்தச் சிறு தொகையிலும் உடனடிப் பலனைக் கேட்டே கதவைத் திறக்கிறோம். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது மாணவியின் கேள்விக்குத் திரும்பலாம். பராமரிப்பு வேலையில் மனம் எப்படி வந்து சேர்ந்தது?

2005இல் வெளிவந்த ஒரு சோதனை. எலிகளுக்கு ஒரு சமிக்ஞையைக் காட்டினால் சிறு மின் அதிர்ச்சி வரும் என்று பழக்கினார்கள். பிறகு, "இல்லை, இம்முறை அதிர்ச்சி கிடையாது" என்று பொருள்படும் இன்னொரு சமிக்ஞையையும் பழக்கினார்கள். அது தெரிந்த உடனே எலிகளின் பெருமூச்சு பன்மடங்கு கூடியது. எலிக்கும் 'அப்பாடா' உண்டு!

ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹால்வர் டைகன் மனிதர்களுக்குத் தீர்க்கவே முடியாத புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலானோர் தங்களை அறியாமலே பெருமூச்சு விட்டார்கள். அதாவது கைவிடும் தருணத்திலும் அது வருகிறது. பெல்ஜியத்தின் எல்க்கே ஃப்ளெமின்க்ஸ் நடத்திய ஆய்வுகள் இந்த இரண்டையும் இணைக்கின்றன. மன அழுத்தம் நம் மூச்சின் இயல்பான ஏற்ற இறக்கத்தைக் குலைத்துவிடுகிறது. ஒரு பெருமூச்சு அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வைக்கிறது. கூடவே, வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பும் சற்றுத் தணிகிறது. மூச்சுக் கூட்டத்திலிருந்து மூளையை விழிப்பூட்டும் 'நீலப்புள்ளி' என்ற பகுதிக்கு நேரடி இணைப்பு இருப்பதும் 2017இல் தெரிந்தது. அந்த இணைப்பைத் தரும் அணுக்களை நீக்கிய சுண்டெலிகள் புதுக் கூண்டில்கூடப் பரபரக்காமல் அமைதியாக உட்கார்ந்திருந்தன.

ஆகவே ஆசிரியருக்கு என் பதில்: பலகையின் நடுவே நீங்கள் போட்ட கோட்டின்மேல் எழுதுங்கள். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு வர உடல் கடக்கும் வாசல் அது. ஏக்கப் பெருமூச்சு விடுபவர் அந்த வாசலில் கால் வைக்கிறார். நிம்மதிப் பெருமூச்சு விடுபவர் தாண்டி வந்துவிட்டார்.

"விளக்கு வைத்த நேரத்தில் பெருமூச்சு விடாதே, வீட்டுக்கு ஆகாது" என்று என் பாட்டி அம்மாவை அதட்டுவார். வேலை முடிந்து சுவரில் சாய்ந்த மருமகளுக்கு அந்த ஒரு மூச்சுக்கூட மறுக்கப்பட்டது. இன்னும் பல வீடுகளில் பெண்கள் இந்த அதட்டலைக் கேட்கிறார்கள். தரித்திரத்துக்கும் பெருமூச்சுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடக்கச் சொல்வதுதான் கொடுமை.

வேண்டுமென்றே விடலாமா? விடலாம். 2023இல் ஸ்டான்ஃபோர்டில் நூற்றுச் சொச்சம் பேரிடம் ஒரு மாதம் சோதித்தார்கள். இரண்டு முறை உள்ளிழுத்து, ஒருமுறை நீளமாக வெளிவிடுவதைத் தினமும் ஐந்து நிமிடம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களுடையதைவிடக் கூடுதலாக உயர்ந்தது. பதற்றம் மட்டும் எல்லாக் குழுக்களிலும் ஒரே மாதிரி குறைந்தது. அதிசய மருந்தாக எண்ணி நாள் முழுக்கச் செய்ய வேண்டாம். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறினால் தலை சுற்றும். இடைவிடாமல் மூச்சு போதவில்லை என்று தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு வயிற்றைத் திறந்து பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தது. தையல் வலிக்கும் என்ற பயத்தில் மேலோட்டமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பெருமூச்சே இல்லை. மறுநாள் காலை பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொண்டுவந்தார். மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, 600, 900, 1200 என்று எண்கள். குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்து எழும்பும். "ஊதக் கூடாதும்மா, உறிஞ்சணும்" என்று அவர் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒட்டிக் கிடக்கும் நுண்ணறைகளைப் பிரிக்கக் கையால் செய்துகொடுத்த பெருமூச்சு அது என்று எனக்குப் புரிந்தது. முதல் நாள் ஒரு பந்து பாதி தூரம்தான் போனது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து மறுபடி இழுத்தார். நான்காம் நாள் மாலை இரண்டு பந்துகள் மேலே போய் நின்றன, மூன்றாவது லேசாக ஆடியது. குழாயை என்னிடம் நீட்டிவிட்டு, "அப்பாடா" என்று சாய்ந்தார்.