"பார்க்கலாம்" என்பவர் எந்தப் பக்கம்?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர்கள் சொசைட்டியில் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாமா என்று ஓட்டெடுப்பு வரப்போகிறதாம். "எதிர்வீட்டு மாமா எப்போது கேட்டாலும் ‘பார்க்கலாம்மா’ என்கிறார். நிஜமாகவே முடிவு செய்யவில்லையா, மனசுக்குள் வைத்துக்கொண்டு மழுப்புகிறாரா?"

மூன்றாவது வாய்ப்பு ஒன்று உண்டு. மாமாவின் மனம் ஏற்கனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அது மாமாவுக்கே தெரியாமல் இருக்கலாம்.

முடிவு செய்யாதவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. 1967 ஜனவரி 16 அன்று, மகாராஷ்டிராவுடன் இணைவதா வேண்டாமா என்று கோவா மக்கள் வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவை 1,72,191 வாக்குகள், வேண்டும் என்றவை 1,38,170. வெறும் 17,011 பேர் மறுபக்கம் போயிருந்தால் முடிவு தலைகீழ்.

இத்தாலியின் விசென்சா நகரில் அமெரிக்க ராணுவத் தளத்தை விரிவாக்கும் திட்டம் ஊரையே இரண்டாக்கியது. தனக்கே தெரியாத இந்தச் சாய்வை அளக்க, கால்டி, ஆர்குரி, கவ்ரோன்ஸ்கி என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் அந்த ஊர்க்காரர்கள் 129 பேரை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை சோதித்தார்கள். முடிவுகள் 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன.

திரையில் தளத்தின் படங்களும் நல்ல சொற்களும் கெட்ட சொற்களும் மாறி மாறித் தோன்றும். முதல் சுற்றில் தளத்தின் படத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே பட்டன், கெட்ட சொல்லுக்கு வேறு பட்டன். அடுத்த சுற்றில் படம் கெட்ட சொல்லோடு ஜோடி சேரும். யோசிக்க நேரமில்லை, சட்டென்று தட்ட வேண்டும். தளத்தை உள்ளூர வெறுப்பவருக்கு முதல் சுற்றில் விரல் தயங்கும். தயக்கம் மில்லிவினாடிகளில்தான், ஆனால் கணினி அதைப் பிடித்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதிலுள்ள கழித்தல் கணக்கு. எழுபது வயதுக்காரரின் விரல் மெதுவாக நகரும், கல்லூரிப் பெண்ணின் விரல் பறக்கும். ஆனால் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதே இல்லை. அவரவருடைய இரண்டு சுற்றுகளின் நேரத்தை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கிறார்கள். வயது, பழக்கம், கண்பார்வை எல்லாம் இரண்டு பக்கமும் இருப்பதால் பெரும்பாலும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது சாய்வு.

"இன்னும் முடிவு செய்யவில்லை" என்றவர்கள் அடுத்த வாரம் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை, முதல் வாரத்து வாய்ப்பேச்சைவிட இந்தச் சாய்வுதான் நன்றாகக் காட்டியது. முடிவெடுத்துவிட்டவர்களிடம் நடந்தது நேர்மாறு: அவர்கள் தெரிந்தே சொன்ன கருத்து முன்னே போக, விரலின் சாய்வு அதன் பின்னே வந்தது.

காரணத்தை அதே குழுவினர் பிறகு தேடினார்கள். முடிவெடுக்காதவர், தன் சாய்வுக்கு ஒத்துப்போகும் செய்திகளையே அதிகம் தேர்ந்தெடுத்துப் படிக்கிறார். தேடித் தேடிப் படித்துத்தான் முடிவுக்கு வந்தேன் என்று அவர் சொல்வது பொய்யில்லை. தேடலைத் திருப்பிவிட்டது எது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

இதை வைத்து மாமாவின் ஓட்டைக் கணிக்க முடியாது. ஒரே ஆள் மறுபடி செய்தால் எண் மாறும். கூட்டத்தின் சராசரிக்குத்தான் இது பொருந்தும். தேர்தல் நேரத்தில் டிவியில் ஜோசியர்களுக்குக் கொடுக்கும் நேரத்தில் கால்வாசியாவது இப்படிப்பட்ட சோதனைகளை விளக்கக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். தமிழிலும் மராத்தியிலும் இதைச் செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தாராவியில் வளர்ந்த தமிழரும் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழரும் ஒரே வேகத்தில் ‘நல்லது’, ‘கெட்டது’ என்று பிரிக்கக்கூடிய சொற்களின் பட்டியல் முதலில் வேண்டும்.