ஸ்கேனர் காட்டுவதும் காட்டாததும்: எல்லைச் சோதனையில் போதைப்பொருள் கண்டறிதல்

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு சரக்குப் பெட்டகங்களிலிருந்து ஏறத்தாழ 2,988 கிலோ ஹெராயின் கைப்பற்றப்பட்டது. ஆப்கானிஸ்தானின் டால்க் கற்கள் என்று ஆவணத்தில் காட்டி, ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக அனுப்பப்பட்ட சரக்கு அது. பெரிய பைகளின் அடியில் ஹெராயினை நிரப்பி, மேலே கற்களைப் பரப்பியிருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், பனாமாவிலிருந்து ஆண்ட்வெர்ப், கொழும்பு வழியாகத் தூத்துக்குடிக்கு வந்த மரத்தடிப் பெட்டகத்தில் 300 கிலோவுக்கு மேல் கோகைன் இருந்தது. இரண்டுமே வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்துக்குக் கிடைத்த முன்தகவலால் பிடிபட்டவை. இத்தனை ஸ்கேனர்கள் இருந்தும் கடத்தல்காரர்கள் எப்படித் துணிகிறார்கள் என்று, போதைப்பொருள் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யும் வேதியியலாளரான என்னிடம் பலர் கேட்கிறார்கள். கருவிகளால் எது முடியும், எது முடியாது என்பதைப் பொதுமக்களும், குறிப்பாகச் சிறு இறக்குமதியாளர்களும், அறிந்திருப்பது அவசியம்.

லாரியையும் பெட்டகத்தையும் முழுதாக ஊடுருவும் எக்ஸ்ரே கருவிகள் பெரும்பாலும் இரு வேறு ஆற்றல்களில் கதிரைச் செலுத்தி, அது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு, உள்ளிருப்பது உலோகமா, கரிமப் பொருளா என்று நிறம் பிரித்துக் காட்டுகின்றன. ஆனால் ஹெராயினும் கோகைனும் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனவை. மாவும் சர்க்கரையும் மரமும் ஏறக்குறைய அதே தனிமங்களால் ஆனவைதாம். ஆகவே எந்த எக்ஸ்ரே படமும் 'இது கோகைன்' என்று சொல்வதில்லை. படத்தைப் படிக்கும் அதிகாரி தேடுவது முரண்பாட்டை. மரத்தடிகளை அடுக்கினால் அவற்றுக்கிடையே இடைவெளிகள் தெரிய வேண்டும். அந்த இடைவெளிகளில் ஒன்றிரண்டு மட்டும் அடைபட்டுத் தெரிந்தால் பெட்டகத்தைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

2019 ஜூனில் பஞ்சாபின் அட்டாரி எல்லையில் பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துப்பு மூட்டைகளுக்கிடையே 532 கிலோ ஹெராயின் சிக்கியது. உப்பில் உள்ள சோடியமும் குளோரினும் கதிரை வேறுவிதமாக உறிஞ்சுவதால், தனி மூட்டையாக வைத்தால் வேறுபாடு தெரியும். நூற்றுக்கணக்கான மூட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய லாரியில், கதிர் பல மூட்டைகளைக் கடந்து வருவதால் அந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. கடத்துபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். டயர், கதவுப் பலகை போன்ற மேலோட்டமான மறைவிடங்களுக்கு, திரும்பிச் சிதறும் எக்ஸ்ரேயைப் பதிவுசெய்யும் கருவி உதவும். ஆழத்தில் உள்ளதை அது காட்டாது.

அடுத்து வருவது துகள் சோதனை. சிறிய துண்டால் பெட்டகத்தின் கைப்பிடியையும் பையின் தையலோரத்தையும் துடைத்துக் கருவிக்குள் செருகுவார்கள். சூட்டில் ஆவியாகும் துகள்கள் மின்னேற்றம் பெற்று, மின்புலத்தில் ஓடிக் கடக்கும் நேரத்தைக் கொண்டு பொருளைக் கருவி ஊகிக்கிறது. சில நானோகிராம் இருந்தாலே மணி அடிக்கும் என்பதால் அதன் பலமே பலவீனமும் ஆகிறது. முந்தைய பெட்டகத்தைத் தொட்ட கையுறையோடு அடுத்ததைத் துடைத்தால், குற்றமற்ற சரக்கின்மீது சந்தேகம் விழும். கையுறையை மாற்றுவது இங்கே சடங்கு அல்ல, ஒருவருடைய விடுதலை சார்ந்த விஷயம்.

ராமன் நிறமாலைக் கருவி லேசர் ஒளியைக் கொண்டு, தெளிவான பாலிதீன் உறையைப் பிரிக்காமலேயே பொருளை அடையாளம் காண்கிறது. ஃபென்டனில் போன்ற கொடிய பொருள்களைக் கையாளும் அதிகாரிக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆயினும் பழுப்பு நிற ஹெராயின் லேசர் பட்டதும் தானே ஒளிர்ந்து அடையாளத்தை மறைத்துவிடலாம். கலவையில் மிகச் சிறிய அளவே உள்ள பொருளும் தப்பிவிடலாம்.

எனவே களத்தில் கிடைக்கும் எந்த முடிவும் இறுதியானது அல்ல. பொருளின்மீது சோதனை வேதிக்கரைசலைச் சொட்டுவிட்டால் ஊதா நிறம் தோன்றுவதும் ஓர் அறிகுறி மட்டுமே. கலவையின் கூறுகளைப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பும், அவற்றை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலையும் இணைந்த ஆய்வகச் சோதனைதான் பொருளை உறுதிசெய்கிறது. 250 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினையே வணிக அளவு என்று கருதி, குறைந்தது 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கும் சட்டத்தின் கீழ் ஒருவரை நிறுத்தும்போது, இந்த நுணுக்கம் ஒருபோதும் தவறக்கூடாது.

வணிகர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், சம்பந்தப்பட்டவர் அறிந்தே செய்ததாகத்தான் முதலில் அனுமானிக்கிறது. அறியாமல் நிகழ்ந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. உங்கள் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணைச் சிறு கமிஷனுக்காக அறிமுகமற்றவருக்குக் கொடுக்காதீர்கள். சரக்கைப் பொத்தாம்பொதுவாக விவரிக்காமல், வகை, எடை, பொட்டலமிட்ட முறை வரை துல்லியமாக அறிவியுங்கள். ஸ்கேன் படத்தை ஒப்பிட அதிகாரியிடம் இருப்பது அந்த விவரம்தான். பெட்டகத்தின் சீல் எண் ஆவணத்தோடு பொருந்தவில்லை என்றால் திறக்காமல் படமெடுத்துச் சுங்கத் துறைக்கு உடனே தெரிவியுங்கள். கடத்தல் பற்றிய தகவல்களை 1933 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.