கண்ணாடியில் ஒட்டிய தூசி ஏன் விழுவதில்லை?

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூசி படிந்திருக்கும். தலைகீழாகத் திருப்புங்கள், விழாது. உதறினால் பெரிய துகள்கள் சில போகும், பொடிசுகள் அசையாது. ஊதினாலும் அதே கதைதான். பசை எதுவும் தடவவில்லையே, பிறகு எது பிடித்து வைத்திருக்கிறது?

நிலைமின்சாரம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். துகளைக் கண்ணாடி வரை இழுத்து வருவதில் அதற்குப் பங்கு உண்டுதான். ஆனால் வந்து தொட்ட பிறகு விடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையைப் பெரும்பாலும் செய்பவை வேறு இரண்டு: அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும் வான் டெர் வால்ஸ் விசையும், இடுக்கில் சிக்கிய நீர் தரும் நுண்புழை விசையும்.

முதலாவதின் பெயர் டச்சு இயற்பியலாளர் யோஹான்னஸ் வான் டெர் வால்ஸிடமிருந்து வந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டால்தான் வாயுக்களின் கணக்கு சரிவரும் என்று 1873இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் காட்டினார். மின்னூட்டமே இல்லாத அணுக்கள் எதற்காக இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் வர 1930 ஆயிற்று. இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் கணக்கு போட்டு விளக்கினார். அணுவைச் சூழ்ந்த எலக்ட்ரான் மேகம் ஒரு கணம்கூடச் சும்மா இருப்பதில்லை. அது ஒரு பக்கம் சாயும் கணத்தில் அந்தப் பக்கம் எதிர்மின்னாகவும் மறுபக்கம் நேர்மின்னாகவும் ஆகிவிடும். அதைப் பார்த்துப் பக்கத்து அணுவின் மேகமும் ஒதுங்கிக்கொள்ளும். அடுத்த கணம் சாய்வு மாறும், ஆனால் இரண்டும் சேர்ந்தே மாறுவதால் இழுப்பு மட்டும் மாறாது.

தனி இரண்டு அணுக்களுக்கிடையே இது அற்ப விசை. திடப்பொருளில் கோடானுகோடி அணுக்கள் கூட்டுச் சேரும்போதுதான் கதை மாறுகிறது. வழவழப்பான இரு தட்டைப் பரப்புகளை 1 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நெருக்கத்தில் கொண்டுவந்தால், பொதுவான திடப்பொருள்களுக்கு இழுப்பு ஏறத்தாழ 50 வளிமண்டல அழுத்தம் வரை போகும். இடைவெளியை 10 நானோமீட்டராக்கினால் அது ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும்.

மேசைமேல் வைத்த கை மேசையோடு ஒட்டிக்கொள்ளாததற்குக் காரணம் இந்தச் சரிவுதான். நமக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பு அணுக்களின் அளவில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. இரண்டு பொருள்கள் தொடும்போது சில சிகரங்கள்தான் உண்மையில் முட்டுகின்றன. மற்ற இடமெல்லாம் விசைக்கு எட்டாத தூரம். சுவரேறும் பல்லி இந்தச் சிக்கலைச் சமாளிக்கும் விதம் அபாரம். டோக்கே என்னும் பெரிய பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொரு மயிரும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள தட்டை நுனிகளில் முடிகிறது. அவ்வளவு மெல்லிய நுனி எந்தப் பள்ளத்திலும் இறங்கிப் படிந்துகொள்ளும். நீரை ஈர்க்கும் பரப்பிலும் நீரை விலக்கும் பரப்பிலும் பிடி ஒன்றுபோலவே இருந்ததைக் கண்டு, இது வான் டெர் வால்ஸ் விசைதான் என்று உயிரியலாளர் கெல்லர் ஆட்டம் குழுவினர் 2002இல் எழுதினார்கள். ஆனால் காற்றில் ஈரப்பதம் கூடினால் பல்லியின் பிடியும் கூடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நீரை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

நீரின் கைவரிசையைப் பார்க்க நுண்ணோக்கிக்கு வைக்கும் இரண்டு கண்ணாடிச் சில்லுகள் போதும். நடுவே ஒரு சொட்டு நீர் விட்டு அழுத்துங்கள். நீர் மெல்லிய ஏடாகப் பரவும். இப்போது நேராகப் பிரித்துப் பாருங்கள். இந்த முயற்சியில் நான் நகத்தை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். இடைவெளி 10 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய இடம் 25 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரமும் என்று கொண்டால், பிரிக்க 9 நியூட்டன் வேண்டும். அதாவது ஒரு கிலோ எடைக்குச் சற்றுக் குறைவு. பக்கவாட்டில் தள்ளினாலோ வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இனி அதே ஜோடியை ஒரு பாத்திரத்து நீருக்குள் மூழ்கடியுங்கள். மெதுவாக இழுத்தாலே பிரிந்துவிடும். இடையில் இருப்பது அதே நீர்தான். போனது அதன் விளிம்பு. நீரும் காற்றும் சந்திக்கும் அந்த விளிம்பு உட்புறமாக வளைந்து, பரப்பு இழுவிசையால் (நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல நடந்துகொள்வதால்) உள்ளே அழுத்தத்தைக் குறைத்திருந்தது. வெளிக்காற்றுதான் சில்லுகளை நெருக்கிப் பிடித்திருந்தது. இதுதான் நுண்புழை விசை.

தூசிக்கு யார் நீர் ஊற்றினார்கள் என்று கேட்கலாம். காற்றே ஊற்றுகிறது. குறுகிய இடுக்கில், காற்று ஈரத்தால் நிறைவதற்கு முன்பே நீராவி நீராகிவிடும். இடுக்கின் அளவுக்கும் ஈரப்பதத்துக்கும் இடையே 1871இல் இயற்பியலாளர் கெல்வின் கண்ட உறவு இதற்கு வழிகாட்டி. ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் 1 நானோமீட்டர் அளவுள்ள இடுக்குகள் நிரம்பும். 90 சதவீதமானால் 10 நானோமீட்டர் வரை. துகளும் கண்ணாடியும் தொடும் புள்ளியைச் சுற்றி இப்படி ஒரு நீர்க்கழுத்து தானாகவே முளைக்கிறது.

1 மைக்ரான் ஆரமுள்ள ஒரு கண்ணாடி மணியை எடுத்துக்கொள்வோம். நீர்க்கழுத்தின் இழுப்பு அதன் எடையைப் போல ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு வரை வரலாம். வான் டெர் வால்ஸ் விசை அதில் பத்தில் ஒரு பங்கு அளவு. மேடுபள்ளத்தால் இரண்டும் நூறு மடங்கு குறைந்தாலும் எடைக்கு முன்னால் அசைக்க முடியாத பலம்தான். பொருள் சிறிதாகச் சிறிதாக ஒட்டும் விசை கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு, அதுவும் குறையத்தான் செய்கிறது. ஆரம் பாதியானால் ஒட்டும் விசை பாதியாகும், எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். இந்த ஓட்டப்பந்தயத்தில் எடை தோற்றுப்போகும் எல்லை மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. அதனால்தான் ஈர மணலில் வீடு கட்ட முடிகிறது, ஈரக் கூழாங்கல்லில் முடிவதில்லை.

சிப் செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. கைப்பேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அந்தச் சாய்வை உணரும் சிப்புக்குள்ளே சில மைக்ரான் தடிமனில் சிலிக்கான் சட்டங்கள் அந்தரத்தில் ஆடுகின்றன. செய்யும்போது அவற்றின் கீழே இருக்கும் அடுக்கை அமிலத்தில் கரைத்து, நீரில் கழுவி உலர்த்தினால், வற்றும் நீரின் விளிம்பு சட்டத்தைத் தரைவரை இழுத்துவிடும். நீர் முழுதும் போனாலும் சட்டம் எழாது. அதற்குள் வான் டெர் வால்ஸ் விசை பிடித்துக்கொண்டிருக்கும். ஒருவர் இழுத்துக் கொடுக்க இன்னொருவர் கட்டிப்போடுவது போல. இதைத் தவிர்க்க நீருக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, 31 டிகிரி செல்சியஸுக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய் வெளியேற்றுகிறார்கள். அங்கே திரவம், வாயு என்ற பேதமே கிடையாது, விளிம்பும் கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க்குகளிலோ, தட்டு அளவுமீறி வழவழப்பானதால் படிக்கும் முனை அதிலேயே ஒட்டிக்கொண்டது. முனை இறங்கும் இடத்தில் லேசரால் வேண்டுமென்றே புடைப்புகள் வைத்துச் சரிசெய்தார்கள்.

மூக்குக் கண்ணாடிக்கும் வழி இதிலேயே இருக்கிறது. உலர்ந்த துணியால் தேய்த்தால் துகள் நகரும், கீறல்தான் விழும். குழாய் நீரில் காட்டுங்கள். துகள் முழுகியதும் நீர்க்கழுத்தின் விளிம்பு காணாமல் போகும். இடையே நீர் புகுந்ததால் வான் டெர் வால்ஸ் இழுப்பும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். ஓடும் நீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஈரத்தை உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். தானாக வற்ற விட்டால், தப்பி நின்ற துகள்களைச் சொட்டின் விளிம்பு பழையபடி கண்ணாடியோடு சேர்த்து அழுத்திவிட்டுத்தான் போகும்.